கலாமணி அழித்ததெல்லாம் வாசலுக்கு வந்த கதை

கள்ளிமேட்டுப்பாளையத்தில் ஆடி முதல் தேதி காலை ஸ்டூடியோ வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த கலாமணியின் விளக்குமாற்றில் முதலில் சிக்கியது ஒரு மச்சம். கடுகு அளவு, கன்னங்கரேலென்று, நடுவில் ஒற்றை மயிரோடு. அவள் கூச்சல் போடவில்லை, கையை உதறவும் இல்லை, விரல் நுனியில் ஒட்டியெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், பார்த்தவுடனே அது தபால்காரர் மகள் துளசிமணியின் தாடையில் இருந்த மச்சம் என்று தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆடித் தள்ளுபடியில் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவிலிருந்து அவள் முதன்முதலாக அழித்தது அதைத்தான். ஊரில் யார் முகத்தில் எது எங்கே இருந்தது என்பது பெற்றவளுக்கு அடுத்தபடி கலாமணிக்குத்தான் அத்துப்படி.

மறுநாள் மச்சங்கள் ஏழெட்டு, கூடவே ஒரு கைப்பிடி பருக்கள், பாசிமணி சிந்தியதுபோலப் படியில் கிடந்தன. அதற்கு மறுநாள் கண்ணுக்குக் கீழேயிருந்த கருவளையங்கள் பிறை பிறையாக வந்தன, வார்டு கவுன்சிலரின் தொங்குதாடை பிசைந்த மைதாவாட்டம் மெத்தென்று வந்தது, மணமக்களுக்குப் பின்னால் நின்று படத்தைக் கெடுத்த மின்கம்பம் ஒயரோடு வந்து தெருவை அடைத்துக்கொண்டது, தேர்த் திருவிழாப் படத்தில் குறுக்கே ஓடிய செவலை நாய் உயிரோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்து பிஸ்கட் கேட்டது. குடும்பப் படங்களிலிருந்து வெட்டியெடுத்த ஆட்கள், ஓடிப்போன மருமகன், குடித்துவிட்டு வந்து நின்ற சித்தப்பா, பங்கு கேட்டு வழக்குப் போட்ட தங்கச்சி, இவர்கள் யாரும் நேரில் வரவில்லை, அவர்களுடைய செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாக, வாசலைப் பார்த்தபடி, கழற்றி விட்டதுபோல வந்திருந்தன. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது கறுப்பு. கல்யாணப் பெண்களின் படங்களிலிருந்து ஆறு வருஷமாகக் கலாமணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்த நிறமெல்லாம் நயமான தூளாக, தினமும் ஒரு முறம் நிறைய, படியோரம் குவிந்து கிடந்தது.

ஊர் என்ன செய்யும்? முதல் வாரம் சிரித்தது. நகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள், துப்புரவு மேற்பார்வையாளர் வந்து குனிந்து பார்த்து, இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். எதிர்க்கடை ரங்கராசு டீப்பட்டறையில் இன்னொரு அடுப்பு வைத்தார். கல்யாணத் தரகர்கள் காலை ஆறு மணிக்கே வந்து நின்று, எந்தப் பெண்ணுக்கு என்ன இருந்தது என்று குறித்துக்கொண்டு போனார்கள், அதில் நின்றுபோன நிச்சயதார்த்தங்களும் உண்டு, எல்லாம் தெரிந்தும் கட்டிக்கொள்கிறேன் என்று வந்த ஒரே ஒரு லாரி டிரைவரும் உண்டு. அந்தக் கறுப்பை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் பெண்களே டப்பாக்களில் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் குழந்தைகளுக்குக் கண்மையாக வைத்தார்கள், அந்த வருஷம் ஊரில் பிள்ளைகளின் கண்கள் அத்தனை அழகாக இருந்தன.

உயிரோடிருப்பவர்களுக்கு இது வேடிக்கைதான், அவர்கள் மச்சம் அவர்கள் முகத்தில் இன்னும் இருந்தது. வீட்டில் ஒருவரைச் சாவுக்குப் பறிகொடுத்தவர்கள் வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. தறிக்காரர் ஒருவர் தன் மனைவியின் மேலுதட்டு மருவைத் தேடிப் பதினொரு நாள் வந்தார், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அழகாக இருக்கட்டும் என்று அவர்தான் அதை எடுக்கச் சொன்னவர், கிடைத்ததும் சோற்றுப் பருக்கையால் படத்தில் அதை ஒட்டி, நடுத்தெருவில் வைத்துக்கொண்டு, “வந்துட்டயா, இப்பத்தான் நீ வந்தே” என்று விசும்பினார். பார்த்துக்கொண்டிருந்த ரங்கராசு பாலைப் பொங்கவிட்டுவிட்டார். ஒரே மருவுக்கு இரண்டு வீடு சண்டை போட்டதையும் பார்த்துவிட்டு, அவர்தான் ஒரு முறை ஏற்படுத்தினார்: எதை எடுத்துப் போவதானாலும் ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்து, இது யாருடையது, எதற்காக எடுக்கச் சொன்னோம் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு எடுத்துப் போகவேண்டும். பஞ்சாயத்து வைத்தால்கூட இப்படிக் கட்டுப்பட மாட்டார்கள், இதற்குக் கட்டுப்பட்டார்கள். மயிலாத்தாள் என்றொருத்தி தன் மகளின் கன்னத்துத் தழும்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அவங்கப்பன் சூடு வெச்சது, வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு எடுக்கச் சொன்னனுங்க” என்று சொன்ன அன்று, தரகர்கள் குறித்துக்கொண்டிருந்த நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை மாராத்தாள் வந்தாள். உழவர் சந்தை கூட்டிப் பெருக்குகிறவள், ஐம்பது வயதிருக்கும், கையில் விளக்குமாற்றுக் காப்பு காய்த்துப் போயிருக்கும். அவளுடைய ஒரே மகள் வெண்ணிலா, பனியன் கம்பெனியில் கைமடிப்பு வேலை செய்தவள், போன வருஷம் மாசியில் கம்பெனி தீப்பிடித்தபோது செத்துப்போன ஒன்பது பெண்களில் ஒருத்தி, பத்தொன்பது வயது. அந்த ஒன்பது பேருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் சரிசெய்து கொடுத்தது கலாமணிதான், கம்பெனியே சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரி பட்டுப் புடவை, ஒரே மாதிரி நிறம். வெண்ணிலாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், சின்ன வயதில் ராட்டினத்திலிருந்து விழுந்தது. பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று கலாமணி கேட்காமலே அதை முழுப் பல்லாக்கிவிட்டாள்.

“அந்தப் படத்துக்கு முன்னால உக்காந்தா எனக்கு அழுகையே வரமாட்டீங்குது அம்மிணி” என்றாள் மாராத்தாள். “ஆரோ பெரிய வூட்டுப் பொண்ணாட்ட இருக்குது. என்ற பொண்ணு சிரிச்சா அந்த ஒடஞ்ச பல்லுதான் மொதல்ல சிரிக்கும். அது வந்தாச் சொல்லு. வார வரைக்கும் நான் தினமும் வந்து பாத்துக்கறன்.”

கலாமணி தலையாட்டினாள். பல் வரும் நாள் எது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் வந்து விழுபவை வரிசைப்படிதான் வருகின்றன என்பதை அவள் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு மாத வேலை. கம்ப்யூட்டரில் மாதவாரியாக வைத்திருந்த கோப்புகளைத் திறந்து எண்ணினால் எது என்றைக்கு வரும் என்று சொல்லிவிடலாம். வெண்ணிலாவின் பல் ஐம்பத்தாறாம் நாள் வரும். அதற்கு ஏழு நாள் முன்னதாக, நாற்பத்தொன்பதாம் நாள், பூட்டு வரும்.

அந்தப் பூட்டைப் படத்திலிருந்து அழித்தது ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும், கலாமணிக்கும் கம்பெனி மேனேஜர் சென்னியப்பனுக்கும். தீப்பிடிப்பதற்கு ஏழு மாதம் முன்னால், வெளிநாட்டு வியாபாரி கம்பெனியின் படங்களை அனுப்பச் சொன்னான் என்று அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தையல் கூடத்தை எடுத்தாள், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் முகமூடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களை எடுத்தாள், தீயணைக்கும் சிவப்பு உருளைகளை எடுத்தாள், கடைசியாகப் பின்பக்கத்து அவசர வழிக் கதவை எடுத்தாள். பெரிய பச்சை எழுத்தில் வழி என்று எழுதியிருந்த அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. துணி திருட்டுத்தனமாக வெளியே போகிறது என்று போட்டது. சென்னியப்பன் படத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஜோரா இருக்குதும்மா, அந்தப் பூட்டை மட்டும் எடுத்துரு” என்றார். கலாமணி எடுத்தாள். பூட்டு இருந்த இடத்தில் பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் கொண்டுவந்து தடவி, நாதாங்கியின் நிழலையும் துடைத்துவிட்டாள். ஒரு மருவை எடுப்பதைவிடச் சுலபமான வேலை. படம் கடல் தாண்டிப் போனது, வியாபாரிக்குத் திருப்தி, பூட்டு கதவிலேயே இருந்தது. மாசியில் ஒன்பது பெண்களும் அந்தக் கதவடியில்தான் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

படத்தில் எடுக்க முடியாது என்று அன்றைக்கு அவள் சொல்லியிருந்தால் கதவிலிருந்து அதை எடுத்தே ஆகவேண்டியிருந்திருக்கும். இந்த ஒரு நினைப்பை அவள் ஒன்றரை வருஷமாகச் சோற்றோடு தின்று வந்தாள். ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று பார்த்தாள், பெருக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாள், பெருக்காத அன்று எல்லாம் படியேறித் தானாக மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தன. பொய் சொல்லத் தெரிந்தவளுக்கு ஓடத் தெரியவில்லை, என்ன செய்வது. நாள் நெருங்க நெருங்க மாராத்தாள் தினமும் வந்து, பல் பல்லாகப் புரட்டிப் பார்த்து, “இன்னிக்கும் இல்ல, நாளைக்கு வரும்” என்று கலாமணிக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பூட்டு வந்தது. பருக்களுக்கும் நரைமயிருக்கும் நடுவே படியில் கனமாக, பித்தளை மின்ன, அடியில் யாரோ மஞ்சள் பெயிண்டால் இழுத்த ஒரு கோட்டோடு கிடந்தது. கலாமணி அதை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை ஒளித்துவைக்க அவளுக்கு அரை நிமிஷம் இருந்தது, அந்த அரை நிமிஷத்தையும் அவள் சும்மா நின்றே தீர்த்தாள்.

அந்த நேரம் வாசலில் முப்பது பேருக்குமேல் இருந்தார்கள், காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் நின்று தேடுகிற கம்பெனிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் உண்டு. பூட்டைப் பார்த்ததும் முன்னால் நின்ற பெண் டிபன் கேரியரை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மஞ்சள் கோடு போட்ட அந்தப் பூட்டை அவர்கள் ஒவ்வொருவரும் வருஷக்கணக்கில் பார்த்தவர்கள், புதிதாகக் கட்டிய கூடத்தின் புதுக் கதவில் இப்போது தொங்குகிற அதன் தம்பிப் பூட்டையும் தினமும் பார்க்கிறவர்கள். பூட்டு போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறதென்றால் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எதற்கு எடுக்கப்பட்டது என்று கணக்குப் போட அவர்களுக்கு ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் ஆனது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். “பஸ் வந்துருச்சு, வாங்கடி” என்றாள். பஸ் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமலே தெரிந்துவிட்டது. மச்சத்தை விழுங்கிய ஊர், மின்கம்பத்தை விழுங்கிய ஊர், செருப்புகளையும் நாயையும் விழுங்கிச் செரித்த ஊர், இந்தப் பூட்டையும் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் விழுங்கியது, அதாவது பார்க்காமலே இருந்தது. வீட்டுக்கு இரண்டு பேர் கம்பெனியில் வேலை செய்கிற ஊரில் வேறென்ன நடக்கும். மறுநாள் கூட்டம் பாதியானது, அதற்கு மறுநாள் தரகர்களும் நின்றுபோனார்கள். ரங்கராசு இரண்டாவது அடுப்பை அணைத்துவிட்டு டீப்பட்டறைத் தட்டியைத் தெற்கே பார்த்துத் திருப்பிக் கட்டினார், கேட்டால் வெயில் அடிக்கிறது என்றார். சொந்தத் தாயின் மருவே வந்திருந்தாலும் எடுக்க ஆளில்லை. எல்லாம் வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தன.

மாராத்தாள் மட்டும் வந்தாள். கம்பெனிக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவள், பூட்டு அவளுக்கு வெறும் பூட்டு. ஊரெல்லாம் தெரிந்த ஒன்று அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை, அவளிடம் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை, சொல்ல வேண்டியவளோ எதிரே உட்கார்ந்து அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். “நல்ல கெட்டிப் பூட்டு, இத ஆரும் கேட்டு வரலியா?” என்பாள் மாராத்தாள். காற்றில் படங்கள் பறந்தால் அந்தப் பூட்டைத்தான் எடுத்து மேலே வைப்பாள். தேடி முடித்துப் போகும்போது முந்தானையால் அதைத் துடைத்தும் வைப்பாள். கலாமணி ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள், ஒவ்வொரு முறையும் “சக்கரை போதுமாங்க்கா?” என்றுதான் வந்தது.

பூட்டு வந்த நான்காம் நாள் சென்னியப்பன் காரை முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். உள்ளே மாராத்தாள் இருப்பதை வாசல்படி ஏறியபின்தான் பார்த்தார். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். பெண் செத்த அன்று வீட்டுக்கு வந்து மாலை போட்ட மனிதர் அல்லவா.

“கலாமணி, மேசை மேல கெடக்குதே, அதக் குடுத்துரு. சும்மா எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு. பழைய இரும்புல போட்டுக்கறன்” என்றார் சென்னியப்பன், சாதாரணமாக.

“தாராளமா எடுத்துக்குங்க சார்” என்றாள் கலாமணி. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது. “ஊர்முறை உங்களுக்குத் தெரியுமல்லங்க. அந்த முக்காலியில உக்காந்து, இது ஆருது, எதுக்கு எடுக்கச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு எடுத்துக்குங்க.”

முக்காலியில் சிதறியிருந்த பருக்களை மாராத்தாள் கையால் துடைத்துவிட்டாள். “உக்காருங்கய்யா. உங்களுதும் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா? சொல்லீருங்க, மனசு லேசாயிரும். அல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள்.

சென்னியப்பன் முக்காலியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மாராத்தாளின் கையைப் பார்த்தார். போன் அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “ஆ, சொல்லுங்க” என்று சொல்லியபடி படியிறங்கிப் போனார். பாவம், பெரிய மனுசனுக்கு ஆயிரம் சோலி என்றாள் மாராத்தாள். கலாமணி உள்ளறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐம்பத்தாறாம் நாள் பல் வந்தது. அரிசி மணியளவு, குறுக்கே சாய்வாக உடைந்த முன்பல். அன்றைக்கு வாசலில் பட்டுப் புடவைக்குள் மறைத்த ஒன்பது சாயம்போன சுடிதார்களும், ஒன்பது முகத்தின் சொந்தக் கறுப்பும், யாரோ ஒருத்தியின் மூக்குத்தித் தழும்பும் கிடந்தன, ஆனால் மாராத்தாள் வேறெதையும் பார்க்கவில்லை, குனிந்ததும் நேராகப் பல்லுக்குத்தான் கை போனது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கேட்க ஆளே இல்லாத தெருவைப் பார்த்து, முறை தவறாமல், சத்தமாகச் சொன்னாள்: “இது என்ற பொண்ணு வெண்ணிலாவுதுங்க. நான் எடுக்கச் சொல்லலீங்க. கேக்காமத்தான் எடுத்தாங்க. இருந்தாலும் பத்திரமாத் திரும்பி வந்துருச்சுங்க.” அப்புறம் அழுதாள். ஒன்றரை வருஷத்து அழுகை, அடிவயிற்றிலிருந்து வந்தது, எதிரே தட்டிக்குப் பின்னால் ரங்கராசின் அடுப்புச் சத்தம்கூட நின்றுபோனது. அழுது முடித்தபின் எழுந்து, கலாமணியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீ நல்லாருக்கோணும் அம்மிணி. தினமும் ஒரு வாய் காப்பி குடுத்து, மூஞ்சி சுளிக்காம, என்ற பொண்ணத் திருப்பிக் குடுத்துட்டே. உன்ற கை நல்லாருக்கோணும்.”

வைது தொலைத்திருந்தால் கலாமணி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கைகளை உருவிக்கொண்டு, மேசையிலிருந்த பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மாராத்தாள் எழுந்த அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

“இது கம்பெனியோட பின்கதவுப் பூட்டுங்க்கா. வெண்ணிலா செத்துப்போன கதவு. தீப்பிடிக்கறதுக்கு ஏழு மாசம் முன்னாடி, வெளிநாட்டுக்காரனுக்குப் படம் அனுப்பறதுக்காக, கதவு தொறந்திருக்கறாப்பல தெரியோணும்னு மேனேஜர் எடுக்கச் சொன்னாரு. நான் எடுத்தனுங்க.”

மாராத்தாள் நின்றுகொண்டே கேட்டாள். பல்லை வைத்திருந்த கை மெல்ல மூடிக்கொண்டது.

“அத அழிக்க உனக்கு எத்தன நேரமாச்சு?”

“மூணு நிமிஷங்க்கா.”

“தொறந்துட்டே எடுத்திருக்கலாமில்ல?”

“கேட்டனுங்க. சாவி மொதலாளி வூட்டுல இருக்குது, கொண்டார ஒரு மணி நேரமாகும்னாங்க. நானும் அதுக்குமேல கேக்கல.”

மாராத்தாள் பூட்டை வாங்கினாள். இத்தனை நாள் படங்களுக்குப் பாரமாக வைத்ததை இன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை. துவாரத்தில் ஒரு பொட்டுத் துருவில்லை, எங்கும் ஒரு பொட்டுக் கரியில்லை. எல்லா மச்சமும் எல்லா மருவும் அழித்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் வந்தன, பூட்டும் அப்படித்தான் வந்திருந்தது.

“இது கருகவே இல்லியே” என்றாள்.

“இல்லீங்க்கா. இது அன்னிக்கு இருந்த பூட்டு.”

“தீப்பிடிக்கறதுக்கு முந்தி.”

“ஏழு மாசம் முந்திங்க.”

“அப்ப இன்னும் ஏழு மாசம் இருக்குது” என்றாள் மாராத்தாள், பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, படியிறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் கம்பெனியைப் பார்த்து நடந்தாள்.

கலாமணி பின்னாலேயே ஓடினாள். சந்தைத் தெரு வழியாகவும் பிள்ளையார் கோவில் முக்கு வழியாகவும் அவர்கள் போவதைப் பார்த்தவர்கள் கடைக்குள் ஏதோ எடுக்கக் குனிந்தார்கள், கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் புள்ளியை எண்ணினார்கள். கம்பெனிக் கேட்டில் அப்போதுதான் ஷிப்டு மாறும் நேரம், இருநூறு பெண்கள் தூக்குப்போசியும் டிபன் கேரியருமாக உள்ளே போக நின்றிருந்தார்கள். மாராத்தாள் வருவதைப் பார்த்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கேட்டுக்காரர் உள்ளே சொல்லியனுப்ப, சென்னியப்பன் வந்தார்.

“சாவியக் குடுங்கய்யா” என்றாள் மாராத்தாள்.

“எந்தச் சாவி? ஆருது இது?” என்றார் சென்னியப்பன், கூட்டத்துக்குக் கேட்கும்படியாக.

அவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்வதுதானே முறை. கலாமணி பதில் சொன்னாள், முக்காலியில் சொன்னதையே இருநூறு பேர் காதிலும் விழச் சொன்னாள், யார் சொல்லி எடுத்தேன், எதற்கு எடுத்தேன், எத்தனை நிமிஷத்தில் எடுத்தேன் என்று. இனி இந்த ஊரில் ஒருத்தரும் தன்னிடம் படம் எடுத்துக்கொள்ள வரமாட்டார்கள் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. பெண்கள் யாரும் நிமிரவில்லை. அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, சத்தமாகச் சொன்னது மட்டும்தான் புதிது.

“அந்தக் கதவு, சாவி, அல்லாம் தீயில போயாச்சும்மா. முடிஞ்சு போனத வந்து கேட்டுட்டு” என்றார் சென்னியப்பன், கழுத்துப்பட்டையைத் துடைத்துக்கொண்டு.

“தீ இன்னும் பிடிக்கலீங்கய்யா” என்றாள் மாராத்தாள். கோபமே இல்லை, குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். முந்தானையை அவிழ்த்து, கருகாத பூட்டை வெயிலில் காட்டினாள். “பாருங்க, இன்னும் ஏழு மாசம் இருக்குது. சாவி உங்க மொதலாளி வூட்டுலதான இருக்குது? ஆளனுப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. ஒரு மணி நேரந்தான ஆகும்? நான் உக்காந்திருக்கறன்.”

கேட்டுக்கு நடுவே, அது உருண்டு ஓடும் இரும்புத் தண்டவாளத்தின்மேல், பூட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பக்கத்தில் கலாமணியும் உட்கார்ந்தாள், மாராத்தாள் அவளை வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. உள்ளே ஷிப்டு மணி அடித்தது. மணி அடித்தால் போய்த்தானே ஆகவேண்டும், தலையைக் குனிந்தபடி வரிசை நகர்ந்தது, மாராத்தாள்மேல் கால் பட்டுவிடாமல் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பெண் தண்டவாளத்தைத் தாண்டக் காலெடுத்தாள், பதினெட்டு பத்தொன்பது வயதுதான் இருக்கும். மாராத்தாள் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு கண்ணு. உள்ள போகாத. கதவு பூட்டியிருக்குது. சாவி வரட்டும்.”

அந்தப் பெண் நின்றாள். மணி இரண்டாம் தடவையும் அடித்தது.